கெட்ட ரிப்போர்ட்டுக்கு நன்றி

ஆண்டவரில் அன்பான உறவுகளே, நிலக்கோட்டையில் பூ மூட்டை தூக்கியே தேய்ந்த என் இடுப்பு மூட்டை 2006இல் மாற்றினார்கள். புது மூட்டில் பந்தும் உலோகம், அது சுழலும் கிண்ணமும் உலோகம். ஒரு வருடம் நன்றாக நடந்தேன். பிறகு வலி வந்தது. வேனில் ஏற முடியவில்லை. கோவிலில் முழந்தாளிட முடியவில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மூட்டு தூண் மாதிரி நிக்குது. வலி உங்க மனசுலதான்." என் முகத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தே சொன்னார். படத்துக்கு வலிக்காது என்பது அவ்வளவு படித்தவருக்குத் தெரியவில்லை.

ஜெபக்குழுத் தலைவர் அதற்கும் மேல். "விசுவாசம் கொறஞ்சா வலி போகாதுண்ணே." பல் வலித்தால் மாத்திரைக்கு ஓடுகிறவர் என் விசுவாசத்தை எடை போட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

நான் பொய்யனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. 2009 தவக்காலத்தில் ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் எடுத்தேன். "ஆண்டவரே, சுகத்தை அப்புறம் தாரும். இந்த வலி உண்மை என்று முதலில் காட்டும்."

ஒன்பதாம் நாள் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில், புதிதாக வந்த டாக்டரம்மா நான் நொண்டுவதைப் பார்த்து விசாரித்தார். "உலோகம் உரசி ரத்தத்துல கலந்திருக்கலாம்யா. கோபால்ட், குரோமியம் அளந்து பாப்போம்."

திண்டுக்கல் லேபில் ஒரு தம்பி நரம்பில் பிளாஸ்டிக் குழாயை விட்டு, ஊசியை உருவிவிட்டு, முதலில் வந்த ரத்தத்தைக் கொட்டினான். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, இம்புட்டையும் கீழ கொட்டுறியே, சோத்துக்கு வெஞ்சனம் வச்சு வச்சு நான் ஊற வச்ச ரத்தம்ல."

"இதுல ஊசியோட உலோகம் ஒட்டியிருக்கும்க்கா. அப்புறம் அண்ணனோட மூட்ட விட்டுட்டு ஊசி மேல பழி போடுவாங்க." அதையெல்லாம் சீட்டிலும் எழுதினான்.

வெளியூருக்கு அனுப்பிய ரத்தத்துக்கு ரிப்போர்ட் வந்தது. உலோகம் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. ஆபரேஷன் டாக்டரிடம் காட்டினேன். "ஊசியில இருந்து வந்திருக்கும்." தம்பியின் சீட்டை நீட்டினேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, திறந்து பாத்துருவோம்."

"நீங்க வேணாம் டாக்டர். நீங்க படத்தையே பாத்துக்கங்க" என்று எழுந்து வந்தேன்.

மதுரையில் வேறொருவர் திறந்தார். மூட்டைச் சுற்றிச் சதை கறுத்துக் கிடந்ததாம். உலோகத்தோடு உலோகம் உரசாத வேறு மூட்டு வைத்தார்கள். ஆறு மாதத்தில் ரத்தத்தில் உலோகம் நன்றாக இறங்கியிருந்தது. இப்போது பூசைக்கு நடந்தே போகிறேன்.

நோயாளி வீட்டுக்குப் போனால் விசுவாசத்தைப் பற்றி நான் விசாரிப்பதில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்களும் உண்மையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது கெட்ட செய்தியாக வந்தாலும் பயப்படாதீர்கள். அனுப்புகிறவர் நல்லவர்.