சூடேறாத பொடி

தம்பியின் மனைவி வைத்த மல்லிகை, ஆமத்தூர் வீட்டு மொட்டைமாடியில், தொட்டியில், வாடிக்கொண்டிருந்தது. மண் இறுகிப் பாறையாகிவிட்டது. அவள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அவள் கையால் நட்டதில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதுவும் போனால் தம்பி தாங்கமாட்டான். அந்தப் பயத்தில்தான் விருதுநகருக்குப் போய் செடிக்குப் போடும் தாதுப்பொடி, வெர்மிகுலைட், ஒரு பை வாங்கி வந்தேன். வேரைச் சுற்றி மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும். நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத சரக்குதானா என்று கடைக்காரர் சலித்துக்கொள்ளும்வரை கேட்டு, பைமேல் அச்சடித்திருந்ததையும் படித்த பிறகே எடுத்தேன். ஆனாலும் தூசு தூசுதானே. அவள் போன விபத்தன்று விழுங்கிய புகையில் தம்பியின் நெஞ்சு ஏற்கெனவே பாழ். முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று அடங்கிய நேரமாகப் பார்த்து, பையைத் திறந்ததுமே தண்ணீர் விட்டு நனைத்துவிட்டால் தூசு எழும்பாது.

தட்டில் கொட்டினேன். வெயிலில் மினுங்கியது, வெள்ளியும் பொன்னுமாக. சொம்பைச் சாய்க்கப்போன என் மணிக்கட்டைத் தம்பி பிடித்துக்கொண்டான்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் அவனும் அவளும் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அங்கே மினுங்குகிற பொடியில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும், பிறகு பற்றும். அன்றைக்கு, மழை ஒழுகி நனைந்த அலுமினியப் பொடியில் கையை வைத்துப் பார்த்தவள் அவள்தான். சுடுது, ஓடுங்க என்று இவனை வெளியே தள்ளினாள். அவள் வாசலைத் தாண்டவில்லை.

"ஏலே, இது செடிக்குப் போடுறதுலே. தீப் பத்தாது."

"புத்திக்குத் தெரியுதுக்கா. கைக்குத் தெரியலையே."

கம்பெனியில் செய்வதுபோலச் செருப்பைக் கழற்றிப் போட்டான். மாடிக்கதவை அகலத் திறந்துவைக்கச் சொன்னான். என்னைப் படிக்கட்டில் போய் நிற்கச் சொன்னான். அவனே தண்ணீரை ஊற்றினான். எழுந்து ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, அந்த ஈரத்துக்குள் கையை மணிக்கட்டுவரை புதைத்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டில் நின்றபடி நானும் அதற்கே காத்திருந்தேன், வெட்கமில்லாமல், சூடேறுமா என்று.

வெகுநேரம் கழித்துச் சொன்னான்.

"குளுந்து கிடக்குக்கா."

முகக்கவசத்துக்கு மேலே கண்கள் வழிந்துகொண்டிருந்தன.

"அன்னைக்கு என் கைய வச்சிருக்கலாம்."

மாடிக்கு ஏறி வந்தேன். செடியைத் தொட்டியிலிருந்து பெயர்த்து வைத்துவிட்டு, இறுகிய மண்ணைக் கொத்தி உடைத்து அள்ளிவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மல்லிகை வெறும் வேரோடு காத்துக்கிடந்தது. மண்ணோடு சேர்த்துக் கலக்க வேண்டும், கையை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கையைச் சுற்றியே மண்ணைப் போட்டேன்.