கசிவு அறையின் பதினேழு புள்ளிகள்

நூற்றுப் பன்னிரண்டு படிகள். அணையின் வயிற்றுக்குள் இருக்கும் கசிவு அறைக்குப் போக அவ்வளவு இறங்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தும் கோடு அக்கா ஒரு படிகூட இறங்கியதில்லை. இறங்குவது அளவுக்காரரின் வேலை. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்று வாராவாரம் அவர் எழுதித் தருவார். வரைபடத் தாளில் நீர்மட்டத்துக்கு எதிரே அதைப் புள்ளியாக வைத்து, புள்ளிகளின் நடுவே அக்கா கோடு போடுவார். பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

கோடு போட அவர் நம்பியது மீச்சிறு வர்க்க முறையை. ஒவ்வொரு புள்ளியும் கோட்டை விட்டு விலகும் தூரத்தை வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். எந்தக் கோட்டுக்குக் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அதுவே சரியான கோடு. வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணிக்கத் திண்டாடியவர்கள் இருநூறு வருடத்துக்கு முன் அச்சேற்றியது. கண்ணும் கையும் கொஞ்சம் பிசகத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு தொடங்கும் கணக்கு என்பதால் அக்காவுக்கு அதன்மேல் தனிப் பிரியம். கணவர் சமையலில் உப்பு தூக்கலானால், "சராசரியா பாத்தா நல்லாத்தான் சமைக்கறீங்க" என்பார்.

அந்த வருடம் பதினேழு வாரமாகப் புள்ளிகள் பிசகவே இல்லை. எறும்பு வரிசை மாதிரி கோட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தன. பொறியாளர் மெச்சினார். அக்காவுக்குச் சந்தேகம் வந்தது: கையால் அளந்தால் இப்படி வராது. அளந்ததை ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, கோட்டின் சமன்பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி அளவுக்காரரிடம் கொடுத்திருந்தவர் அவரேதான். நீர்மட்டம் மேலிருந்தே தெரியும். சீட்டைப் பார்த்துப் பெருக்கினால் போதும், கீழே போக வேண்டாம்.

நேரே அளவுக்காரரிடம் போனார்.

"அண்ணே, கீழ எறங்கி எத்தன நாளாச்சு?"

"என்னம்மா, வாராவாரம் அளவு தர்றேன்ல?"

"நான் எழுதிக் குடுத்ததையே எனக்குத் திருப்பித் தர்றீங்க."

அவர் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினார். முட்டி வீங்கிக் கிடந்தது.

"ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம்தான். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க போட்ட கோடு தப்பாவா இருக்கப் போகுதுன்னு நெனச்சேன்."

அக்கா டார்ச்சை வாங்கிக்கொண்டு தானே இறங்கினார். மூன்று முறை அளந்தார். மூன்றும் மூன்று விதமாக வந்ததில் கொஞ்சம் நிம்மதி. ஆனால் மூன்றுமே ஐம்பதைத் தாண்டியிருந்தன; கோடு சொன்னது நாற்பத்தொன்று.

மறைக்கிற விஷயமில்லை இது. பொறியாளருக்கு எழுதினார்: பதினேழு அளவும் செல்லாது, முட்டி வீங்கி இறங்க முடியாததால் நடந்தது, சீட்டைக் கொடுத்த தப்பு தன்னுடையது, உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தால் ஆள் ஒழுங்காகப் பார்ப்பார். பொறியாளர் இருவரையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

கசிவு கூடிய காரணத்தைத் தேட மறுநாளே ஆட்கள் வந்தார்கள். அளவுக்காரருக்கு ஓர் ஊதிய உயர்வு நின்றது, வேலை தப்பியது. திங்கட்கிழமையிலிருந்து அவர் கணக்குப் பிரிவில் உட்காருகிறார். கீழே போய் அளக்க வாரம் ஒருவர் என்று முறை போட்டிருக்கிறார்கள். முதல் வாரம் பொறியாளருடையது.