மணற்புல்லும் வால்போர்க்கின் குளியலும்

"இறங்குய்யா கீழே! இது என்ன உங்க வீட்டுக் கம்பளமா?" மணல்மேட்டின் உச்சியில் நின்று வால்போர்க் கத்தினால், எங்கள் தெருவுக்குப் பொழுது விடிந்துவிட்டது என்று அர்த்தம். திட்டு வாங்குகிறவர் அநேகமாக கேமராவும் கையுமாக வந்த ஜெர்மன்காரராக இருப்பார். பாவம், புல்லை மிதித்துவிட்டார். டென்மார்க்கின் இந்த மேற்குக் கரையில் பெண்டாட்டியை விட்டு ஓடலாம், தேவாலயத்தில் குறட்டை விடலாம். மணல்மேட்டை வேரால் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் மணற்புல்லை மட்டும் மிதிக்கக் கூடாது.

வால்போர்க்குக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மீனுக்குப் புகைபோடும் கொட்டகை வைத்திருக்கிறாள். கட்டியவனை எப்போதோ துரத்திவிட்டாள். இப்போது அன்பெல்லாம் புல்லின் மேல்தான். "இதோட ரோஷத்தப் பாரு! மண்ணப் போட்டு மூடினா, மூடின மண்ணுலயே வேர்விட்டு மேல வரும். குளிர்காத்து அடிச்சா இலையச் சுருட்டிக்கிட்டு ஊசியா நிக்கும். சும்மா விட்டாத்தான் சோர்ந்து போகும். ஆகாதது மனுசன் காலு ஒண்ணுதான்." சொல்லிவிட்டு நம் கால்களை முறைப்பாள்.

பனி கொட்டினாலும் காலையில் கடலில் ஒரு முழுக்குப் போட்டாக வேண்டும் அவளுக்கு. குளியல் அங்கி, மரச்செருப்பு. அங்கிக்குள் ஆண்டவன் கொடுத்ததைத் தவிர வேறு கிடையாது. சமையலறைக் கதவைத் திறந்தால் மேடு, மேட்டைத் தாண்டினால் கடல்.

போன இலையுதிர்காலத்தில் அந்த மேடு பிளந்துகொண்டது. அதுவும் சரியாக வால்போர்க்கின் சமையலறைக்கு எதிரே. பிளவு வழியாகக் காற்று மணலை வாரிவாரிக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்புவரை கொட்டியது. ரொட்டியைக் கடித்தால் நறநற என்றது. "எல்லாம் அந்த ஜெர்மன்காரனுங்க வேலை" என்று அவள் ஒரு பலகை எழுதி நட்டாள். காற்று அதையும் தூக்கிக்கொண்டு போனது.

ஒருநாள் காபி குடிக்கப் போனேன். கதவடியில் மணலை அள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் ரெண்டு புயல் தாங்காதுடி. வீடு மணலுக்குள்ள போயிரும். எனக்கு வேற எங்க போக்கிடம்?" கண் கலங்கியிருந்தது. அவளைக் கேலி பேசியே பழகிய நான் குனிந்து மீதி மணலை அள்ளினேன்.

மணல்மேடுகளைக் காக்கும் அரசாங்க உத்தியோகம் ப்ரேபனுடையது. வால்போர்க்கோடு ஒரே பெஞ்சில் படித்தவர். வந்தார், பிளவுக்குள் நின்றார், கீழே கைகாட்டினார்.

"ஏ வால்போர்க், ஜெர்மன்காரங்க மரச்செருப்பா போடுறாங்க?"

தடம் அவள் சமையலறைக் கதவில் தொடங்கிக் கடலில் முடிந்தது.

"நான் பூ மாதிரி நடப்பேன்!"

"ஆமாமா, பூ மாதிரிதான். மேடு ரெண்டாப் போச்சு."

ஊருக்குத்தானே உபதேசம்! நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

"புல்லு நட்டுத் தர்றேன். இனிமே நீ ரோட்டு வழியா சுத்திதான் கடலுக்குப் போகணும். ஒரு தடவ கால வெச்சே, எல்லாம் பாழ்."

"ரோட்டுலயா? ரொட்டிக்கடை வாசல்ல ஊரே நிக்கும். இந்தக் கோலத்துல என்னைப் போகச் சொல்றியே, வெக்கமா இல்ல?"

"எனக்கெதுக்கு வெக்கம்? அங்கி உன்னுது."

அந்த வாரம் முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே முதலில் வந்தாள். தெருவே கூடிப் புல் நட்டோம். காற்று பிடுங்காமலிருக்க ஊசியிலைக் கிளைகளைப் பரப்பினோம். தன் கதவடியில் கடைசிக் கற்றையை அவள்தான் ஊன்றினாள்.

மறுநாள் காலை தெருவில் எல்லாத் திரைச்சீலையும் லேசாக விலகியிருந்தது. என்னுடையதும்தான். சமையலறைக் கதவு திறந்தது. பழக்க தோஷத்தில் வால்போர்க்கின் வலதுகால் உயர்ந்தது. புல்லுக்கு மேலே அப்படியே நின்றது. பின்வாங்கியது. வீட்டைச் சுற்றித் தெருவுக்கு வந்தாள்.

ரொட்டிக்கடை வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரோ சீட்டியடித்தார்கள். அவள் காது சிவந்தது, நடை தளரவில்லை. தெருக்கோடியில், கடற்கரைக்கு இறங்கும் இடத்தில் ப்ரேபன் வீடு. காபிக் கோப்பையோடு வாசலில் தயாராக நின்றிருந்தார் மனுஷன்.

"என்ன வால்போர்க், இந்தப் பக்கம்?"

அவள் நின்றாள். இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். அங்கியைக் கழற்றி அவருடைய வேலிக்கதவில் மாட்டிவிட்டு, கடலைப் பார்த்து நடந்தாள்.