கப்பலில் வர வேண்டிய அப்டேட்

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போன பிறகு, அவருக்காகப் பேசியது போனில் இருந்த ஒரு செயலிதான். படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் யாரோ ஒரு புண்ணியவான், யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாகப் போட்டிருந்தார். ஆனால் பேசியது ஒரு இந்திக்கார அம்மணி. காலமெல்லாம் எங்கள் லாங் ஐலண்ட் தீவில் மீன் பிடித்த மனிதர், தண்ணீருக்கு அவள் குரலில் "பானி" கேட்பதா? எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரில் கட்டளை அடித்துச் செயலிகளைப் பிரித்துக் கட்டும் டூல் ஒன்று என்னிடம் உண்டு. அதை வைத்து அம்மணியை வெளியேற்றி, அம்மாவின் குரலைப் பதிந்து உள்ளே வைத்தேன்.

போன மாதம் டாக்டரைப் பார்க்க அம்மாவும் அப்பாவும் தீவிலிருந்து டவுனுக்கு, டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். வந்த இடத்தில் பழைய போன் செத்தது. புதிது வாங்கினேன். அதுவோ, இது ரொம்பப் பழைய செயலி, ஏற்றமாட்டேன் என்று அடம்பிடித்தது. மறுபடி பிரித்துக் கட்டலாமென்றால் என் டூலும் கிழம். செயலியை நம்பப் புதுப் போன் கேட்கும் முத்திரையைப் போட அதற்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர்கள் தீவுக்குத் திரும்பும் போட். அப்பா செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையும் எரிச்சலுமாக வந்தது.

நெட் நத்தையாக ஊர்ந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அப்டேட் என்றாலே அணைத்து வைப்போம். மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும், மல்லிகைப்பூ கேட்கிறோமோ இல்லையோ, பென்டிரைவில் புது டூல் கேட்போம். அந்தப் புத்தியிலேயே தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லோரும் அடுத்த வாரக் கப்பலில்தான் வரும் என்றார்கள்.

ஆபீஸிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் நான் கெஞ்சுவதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அரே பாபா, கடலுக்கடியில கேபிள் வந்து எத்தனை வருஷமாச்சு! சீரியல் பாக்க மட்டும் நெட் வேணும், டூலுக்குக் கப்பல் வேணுமாக்கும்?"

சீ என்றாகிவிட்டது. கட்டளையை அடித்தேன். டீ ஆறுவதற்குள் புது டூல் இறங்கிவிட்டது! செயலியைப் பிரித்து, பழசு என்று காட்டிக்கொடுத்த வரியைத் திருத்தி, கட்டி, முத்திரை போட்டேன். போன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. "மாதாவே!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா?" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா சூரை மீன் குழம்பு ஊற்றினாள். தன் குழம்பைப் பற்றி யாராவது வாய் திறந்தால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். போனை எடுத்து, நிதானமாகத் தேடி ஒரு படத்தைத் தொட்டார்.

"உப்பு பத்தல," என்றது அம்மாவின் குரல்.

"ஏட்டி, என் வாயாலயே என் குழம்பக் கொற சொல்லுதாரு பாரு!" அம்மா கரண்டியை ஓங்கினாள். அப்பா ஒரு பக்க வாயால் சிரித்தார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள்.