மைமூன் பீவி அளந்த ரோடு

மைமூன் பீவி யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உயரத்தைப் பார்ப்பார். பதினைந்து வருடமாக அவர் தையல் கடையில் காஜா எடுக்கிறேன். ஜாக்கெட் தைக்க வரும் பெண்ணைக்கூட சுவரோடு நிற்க வைத்து அளந்துவிடுவார்.

"ஜாக்கெட்டுக்கு எதுக்குக்கா உச்சந்தலை?"

"சும்மா நில்லு புள்ள. நூத்தி அம்பத்தொம்பது சென்டி இருந்தா போலீசுக்கு எழுதிப் போடலாம்."

குன்னம் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிவாசலிலிருந்து தேரடி வரை ஒரே நேர் ரோடு. சாமி ஊர்வலம் அதில் வரலாமா கூடாதா என்று பல வருடமாக வழக்கு. திருவிழா வந்தால் போலீஸ் வேன் வந்து நிற்கும்.

"முப்பது பேரு இறங்குறாங்க, ஒருத்தர்கூட நம்ம தெரு இல்ல. நமக்குன்னு வச்ச மூணரை சதவீத ஒதுக்கீட்ட வேற ஊருக்காரங்க வாங்கிட்டுப் போறாங்க" என்று மைமூன் எரிச்சல்படுவார்.

தேரடித் தெரு வெற்றிச்செல்வி ஒருநாள் சீண்டினாள்: "உங்களுக்கு என்னக்கா, தனி எடம்."

"எடம் குடுப்பாங்கடி. வந்து ஓடியுமா குடுப்பாங்க?"

மைமூனின் மகள் ஜம்ரூத் போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறினாள். இனி நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும். பள்ளி மைதானத்தில் மக்காச்சோளம் காய்ந்தது. மிச்சம் அந்த ரோடுதான்.

மைமூன் இஞ்ச் டேப்பால் ரோட்டை அளந்து, இரு முனையிலும் செங்கல் வைத்தார். உடனே கோயில் தரப்பில் பிச்சைமுத்து வந்தார்.

"எங்க தேர் கிட்ட வந்து முடிக்கக் கூடாது. நாளைக்கு கோர்ட்ல எங்க எடம்னுவீங்க."

"எங்க வைக்கணும், நீங்களே சொல்லுங்கண்ணே."

செங்கல் தேரைத் தாண்டிப் போனது. ஜமாத்திலிருந்து தாவூது பாய் வந்தார். "பள்ளிவாசல் வாசல்லேர்ந்தா பொம்பளப் புள்ள ஓடுறது?" அந்த முனைச் செங்கல் இன்னும் பின்னால் போனது.

மைமூன் திரும்ப அளக்கவில்லை. "நானூறு, சரியா இருக்கு" என்று இருவரிடமும் பணிவாகச் சொன்னார்.

மூன்று மாதம் ஓடியும் ஜம்ரூத் இரண்டே முக்கால் நிமிடத்துக்குக் கீழே வரவில்லை. "என்னால முடியலம்மா" என்று அழுதாள். "ஓடு" என்றார் மைமூன்.

திருச்சி மைதானத்தில் தேர்வு. முடிவுக் கோட்டைத் தாண்டியும் ஜம்ரூத் நிற்கவில்லை. "ஏம்மா, முடிஞ்சிருச்சு, எங்க போற?" என்று பெண் போலீஸ் ஒருவர் பின்னால் ஓடிப் பிடித்து நிறுத்தினாராம். இன்னும் ஐந்து நொடி மிச்சமிருந்தது.

ஜம்ரூத் இப்போது பயிற்சியில் இருக்கிறாள். வழக்கு நடக்கிறது. வெற்றிச்செல்வியும் இன்னும் நான்கு பெண்களும் அதே ரோட்டில் ஓடுகிறார்கள். செங்கல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளலாமா என்று கேட்டால், மைமூன் நூலைப் பல்லில் கடித்தபடி, கூடாதென்று தலையை மட்டும் ஆட்டுகிறார்.