புஷ்பவள்ளியின் வலது கால்

"எந்த விரல், சொல்லுங்க ஆன்ட்டி."

சுங்கை பினாங் அடுக்குமாடி வாசலில், பள்ளி வேனின் கதவைத் திறந்து வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள் புஷ்பவள்ளி. அவளுடைய வலது கால் விரலை இரண்டாம் வகுப்பு அதிரா பென்சிலால் அழுத்துகிறாள்.

"கட்டை விரல்."

"இல்லலா, சுண்டு விரல்."

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கொழுந்தன் மோகனராஜிடம் சாவியை நீட்டுகிறாள். பிரேக்கில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்த அன்றே, யாரும் சொல்லாமல், தன் வேனை ஓட்டுவதை நிறுத்திக்கொண்டாள். "ஊரு புள்ளைங்க தம்பி. அரிசி மூட்டையா, சாஞ்சா தூக்கி வெக்க?" தினமும் காலையில் இந்தப் பரீட்சை. தினமும் தோல்வி.

முகம் வெளுத்து மாதக்கணக்காகிறது. படியேறினால் மூச்சு வாங்கும். நாக்கு எரிவதால் மிளகாய்ச் சம்பல் பக்கமே போவதில்லை. பேரீச்சை, பீட்ரூட், இரும்புச் சத்து மாத்திரை எதற்கும் வெளுப்பு அசையவில்லை. "கறி தின்னாதான் ரத்தம் ஊறும்" என்றாள் பக்கத்து வீட்டு மோனிக்கா. உடனே ஆயர் ஈத்தாம் போய், சீனர் சைவக் கடையில் சோயாவில் செய்த வாத்தும் மீனும் வாங்கி வந்து வேளை தவறாமல் சாப்பிட்டாள். "இதுவும் கறிதான் மோனிக்கா. உயிரு மட்டும் இல்ல."

மகன் ஹரீஷ் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, தண்ணீர்மலை முருகனுக்காகக் கறி, மீன், முட்டையை விட்டவள். பால் அவளுக்கு ஒத்துக்கொண்டதே இல்லை. ஹரீஷுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

அன்றைக்கும் தோற்றுவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கக் கிளினிக்குக்குப் போனாள். இரும்பு குறையவில்லை, பி12 வைட்டமின்தான் தீர்ந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். அது கறி, மீன், முட்டை, பாலில் இருப்பது. ஊசி போட்டால் கால் தேறலாம். தள்ளிப்போட்டால் மரத்தது மரத்ததுதான்.

"மிஸி, இந்த ஊசி மருந்து எந்த மாட்டோட ஈரல்ல எடுத்தது?" என்று நர்ஸ் நூருல் ஹுதாவிடம் மலாயில் கேட்டாள்.

நூருல் ஹுதா சிரிக்கவில்லை. மாத்திரையின் உறை எதில் செய்தது, ஹலாலா என்று விசாரித்த பிறகே விழுங்குகிறவள் அவள். உள்ளே போய்க் கேட்டு வந்தாள். "மாடும் இல்ல, ஆடும் இல்லக்கா. கிருமிய வளர்த்து எடுக்கிறாங்களாம். சோறு புளிச்சு தாப்பாய் ஆகுதில்ல, அந்த மாதிரி."

"நம்ம தோசை மாவு" என்று புஷ்பவள்ளி தமிழில் முணுமுணுத்தாள். பிறகு, "கிருமிக்கு உயிரு இருக்குமே மிஸி?"

"இருக்கும். ஆனா கூப்பிட்டா திரும்பிப் பார்க்காது."

புஷ்பவள்ளி மருந்து இருந்த அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கேட்டு வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, கையை நீட்டினாள்.