குறுக்கே நீண்ட முழங்கை

செங்கல்பட்டில் நான் மயக்க மருத்துவராகச் சேர்ந்த புதிதில், எனக்கு உதவிய டெக்னீஷியன் அக்கா செய்யூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு. சானிடைசர் பட்டுப் பட்டே விரல் முட்டிகள் வெடித்திருக்கும். காலையில் வந்ததும் மயக்க இயந்திரத்தின் பக்கவாட்டில், கைக்கு எட்டும் உயரத்தில், பேண்டேஜ் துணியால் ஒரு சானிடைசர் பாட்டிலைக் கட்டிவைப்பார்.

ஒருநாள் ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் தொண்டையில் சுவாசக் குழாயை இறக்கிவிட்டு, எச்சில் பட்ட அதே கையுறையோடு இயந்திரத்தின் குமிழைத் திருப்பப் போனேன். காற்றுப் பையை அழுத்திக்கொண்டிருந்த அக்கா முழங்கையைக் குறுக்கே நீட்டினார்.

“கிளவுசக் கழட்டிட்டு, கையத் தேச்சிக்கினு தொடு சார்.”

எனக்குச் சுருக்கென்றது. “அதான் கிளவுஸ் போட்டிருக்கேனே!”

“அது உன் கைக்குக் காவலு. அடுத்து இங்க படுக்கப்போற ஆளுக்கு இன்னா கீது?”

“இன்னும் எவ்ளோ நேரம்?” என்று சர்ஜன் கத்தினார். முழங்கை அசையவில்லை. நான் கையுறையைக் கழற்றி, கையைத் தேய்த்த பிறகுதான் வழிவிட்டார்.

இப்போது வேறு மருத்துவமனையில் இருக்கிறேன். பாட்டிலை நானே கட்டிக்கொள்கிறேன். அவசரத்தில் மறந்துபோகிற நாளில் குறுக்கே நீட்ட அந்த முழங்கைதான் இல்லை.